மூன்று டாலர் வெண்ணெய்

அலபாமாவில் எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி விதி மீறினால் அதை எழுதி இண்டியானாபொலிஸில் இருக்கும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு அனுப்புவதுதான் ஆர்டித் ப்ரூயிட் என்ற பெண்மணியின் வேலை. பதினேழு வருடமாக அதைச் செய்தார். அன்றைய விதிப்படி வீரர்களுக்குக் காலையில் வெறும் ரொட்டி கொடுக்கலாம். வெண்ணெய் தடவினால் அது சாப்பாடு ஆகிவிடும், குற்றம். கோரியன் பெட்வே என்ற வீரன் ஒருநாள் வெண்ணெய் தடவித் தின்றதை அவர் எழுதி அனுப்பினார். வெண்ணெயின் விலையாக மூன்று டாலரை ஒரு தர்ம அமைப்புக்குக் கட்டிய பிறகே பெட்வே மறுபடி ஆட முடிந்தது. ஞாயிறு விருந்தில் ஆர்டித் தட்டோடு வந்தால், "வெண்ணெய் போலீஸ் வருது, பிஸ்கட்ட மூடுங்க" என்று தேவாலயமே சிரிக்கும்.

வருடத்துக்கு இப்படி நாற்பது சிறு குற்றங்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் ராய்ஸ் மெக்கின்னிக்கு இது மிகவும் பிடித்திருந்தது. இத்தனை சிறியவற்றைத் தாமாகவே ஒப்புக்கொள்கிறவர்கள் பெரியதை மறைப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

பெரியது ஆர்டித்தின் அலுவலக ஜன்னலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் வரிசையில் மூன்றாவது இடத்தில் நின்றது. பெட்வே ஓட்டிய வெள்ளி நிறக் கார். கொடுத்தவர் ஹாய்ட் கில்பேட்ரிக். கார் விற்பவர், அணிக்கு அள்ளிக் கொடுப்பவர்; அப்படிப்பட்டவரிடம் வீரர் எதையும் வாங்குவது பெருங்குற்றம். யார் பெயரிலும் பதிவாகாமல் இருக்க, இருபது நாளைக்கு ஒருமுறை கார் அவர் கடைக்குப் போய்ப் புதிய தற்காலிக எண்பலகையோடு திரும்பும். வீரர்கள் நிரப்பித் தரும் கார் படிவத்தில் பெட்வே "கார் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தான். ஆர்டித் அதை வாங்கி அடுக்கினார். பொய் எழுதியது தான் இல்லையே என்று தன்னிடம் சொல்லிக்கொண்டார். கண்ணால் பார்ப்பதற்கும் அலுவலாகப் பார்ப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பலர் வாழ்நாள் முழுவதும் அதற்குள்தான் குடியிருக்கிறார்கள்.

ஆர்டித்தைக் கவிழ்த்தது அவருடைய ஒழுங்குதான். ஆகஸ்டில் ஒரு மழைநாளில் அலுவலக ஊழியர் ஒருவர் பெட்வேயைத் தன் வண்டியில் விடுதிக்குக் கொண்டுபோய் விட்டார். அதுவும் குற்றம், மதிப்பு ஒன்பது டாலர். படிவத்தில் காரணம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் காலியாக விடும் கட்டம். ஆர்டித் எழுதினார்: "எண்பலகை மாற்ற அவனுடைய கார் கில்பேட்ரிக் கடையில் இருந்ததால்."

அக்டோபரில், பக்கத்து மாநில அணியோடு மோதுவதற்கு இரண்டு நாள் முன்பு, அந்தப் படிவத்தோடு சங்கத்தின் விசாரணையாளர் ஓஸ்ட்ரம் வந்து இறங்கினார்.

மெக்கின்னி ஆர்டித்தின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கில்பேட்ரிக் வாயைத் திறக்க மாட்டார், திறக்கவைக்கச் சங்கத்துக்கு அதிகாரமும் இல்லை என்று விளக்கினார். சங்கம் கட்டாயப்படுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர்: பெட்வே, ஆர்டித். பையன் கார் இல்லை என்றே சொல்லுவான்.

"வேற யாரையோ நெனச்சு எழுதிட்டேன்னு சொல்லுங்க, மிஸ் ஆர்டித். தட்டச்சுப் பிழை. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூணு வருஷந்தானே?"

ஆர்டித் கணக்குப் போட்டார். உண்மை சொன்னால் இங்கே வேலை இல்லை. பொய் சொல்லி மாட்டினால் எந்தக் கல்லூரியிலும் வேலை இல்லை.

விசாரணை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் பெட்வே சுவரில் சாய்ந்து நின்றான். அவனுடைய முறை அவருக்குப் பிறகு.

"மிஸ் ஆர்டித், வெண்ணெய்க்கு மூணு டாலர் கட்டுனேன். காருக்கு எவ்ளோன்னு சொன்னீங்கன்னா கட்டிட்டு ஆடப் போயிடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. நூறு டாலருக்கு மேல் போனால் கட்டித் தப்பிக்க வழி இல்லை என்பது அவனுக்கும் தெரியும். "உள்ள போய்ப் பொய் சொல்லாத, மகனே" என்றார் ஆர்டித். அவன் தரையைப் பார்த்தான்.

உள்ளே மெக்கின்னியும் உட்கார்ந்திருந்தார். ஓஸ்ட்ரம் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, இந்த வரி யார் எழுதியது என்று கேட்டார்.

"நாந்தான்."

மெக்கின்னி தொண்டையைச் செருமினார். பிழையாக இருக்குமோ என்று ஓஸ்ட்ரமே எடுத்துக் கொடுத்தார். களைத்த மனிதர், அவருக்கு அன்று மாலை விமானம். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

ஆர்டித் ஜன்னல் வழியே வண்டி வரிசையைப் பார்த்தார். மூன்றாவது இடம் அன்று காலியாக இருந்தது.

"பிழை இல்லைங்க. ரெண்டு வருஷமா தெனமும் பாக்கறேன். வெண்ணெய எழுதினேன், கார எழுதல. அந்தப் பையன் எழுதின பொய், நான் வாங்கி வச்ச பொய்."

அவரைத் துணிச்சல்காரி என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் தாமதமான உண்மை அது. தண்டனையும் பெரும்பாலும் அடுத்தவன் தலையில்தான் விழுந்தது. பெட்வேக்கு அந்தப் பருவம் முழுவதும் தடை. பிப்ரவரியில் அவன் கல்லூரியை விட்டு வீட்டுக்குப் போய்விட்டான். கில்பேட்ரிக் ஒரு வருடம் மைதான ஓரத்தில் நிற்கக் கூடாது என்றார்கள். அவர் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்த்தார். பயிற்சியாளருக்கு ஒப்பந்தம் நீண்டது. ஆர்டித்தை மைதானத்தின் அடித்தளத்துக்கு, வண்டி நிறுத்தச் சீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பழைய மேசையைக் காலி செய்யுமுன் அவர் கடைசியாக ஒரு படிவம் நிரப்பினார். மீறியவர்: ஆர்டித் ப்ரூயிட். மீறல்: ஒரு காரைப் பார்த்தும் எழுதாதது, ஏறத்தாழ நானூறு நாட்கள். மதிப்பு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

ஆறு வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து பதில் அடித்தளத்துக்கு வந்தது. சிறு மீறல், மேல்நடவடிக்கை தேவையில்லை என்று இருந்தது. காலியாக இருந்த கட்டத்தில் யாரோ பேனாவால் பூஜ்யம் டாலர் என்று நிரப்பியிருந்தார்கள்.