ராக்காயியின் அடுப்பும் பரணில் தொங்கிய விதைப்பூண்டும்

நீளம் ஐந்தடி இரண்டு அங்குலம். அகலம் இரண்டரை அடி. சமைக்கிற பக்கம் உயரம் இரண்டே கால் அடி, சுவர்ப் பக்கம் ஐந்தே முக்கால். ராக்காயி இதில் எதையும் டேப் வைத்து அளந்து கட்டவில்லை. சாண், முழம், செங்கல் என்று மூன்று அளவுகள்தான் அவளிடம் இருந்தன. 1988 மாசியில் அவள் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் அந்த அடுப்பின் மீது முதன்முதலாக டேப் வைக்கப்பட்டது. மூன்று மூலைகள் சரியான செங்கோணம். நான்காவது மூலையை வேண்டுமென்றே வளைத்திருந்தாள். அவள் புருஷன் செல்லப்பாண்டி முதுகைச் சாய்த்து உட்காருகிற இடம் அது.

ராக்காயி பூம்பாறைக்காரி. படிப்படியாக இறங்கும் மூன்று துண்டு நிலம், அதில் பூண்டு, கொஞ்சம் உருளைக்கிழங்கு. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த உயரம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை கையால் எடுத்து வைத்த பொருள் எங்கே இருக்கிறது என்பதை மறக்கமாட்டாள்.

1971-இல் நிலத்தில் சோலி இல்லாத இரண்டு மாதம் கொடைக்கானலுக்குச் சித்தாள் வேலைக்குப் போனாள். இங்கேயே தங்கிவிட்ட ஒரு வயதான வெள்ளைக்கார டீச்சருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தன் ஊரில் இருப்பது மாதிரி ஓர் அடுப்பு வேண்டும் என்று பழுப்புத் தாளில் படம் போட்டுக் கொடுத்தார். மேஸ்திரி அடைக்கலராஜ் தாளை நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

"புகைன்னா மேல போற சாமான்," என்று முனகினார். "அதைப் போயி ஏறு, எறங்கு, திரும்ப ஏறு, அப்புறம் வெளிய போன்னா, அதென்ன பள்ளிக்கூடப் பிள்ளையா சொன்னபடி கேக்க?"

"கட்டிப் பாப்போம் மேஸ்திரி. கேக்கலேன்னா முட்டி போட வைப்போம்," என்றாள் ராக்காயி, தலையில் பன்னிரண்டு செங்கல்லோடு.

புகை சொன்னபடி கேட்டது. விறகு போடுகிற வாய் சின்னது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நன்றாகத் தீ எரிய வேண்டும், அவ்வளவுதான். சூடான புகை செங்கல் சுவருக்குள்ளேயே மேலும் கீழுமாகச் சுற்றி, தன் சூட்டையெல்லாம் சுவரிடம் விட்டுவிட்டு, ஆறிப்போய்ச் சிம்னி வழியாக வெளியேறியது. தீ அணைந்த பிறகும் சுவர் சுட்டது. மறுநாள் வெள்ளனே வேலைக்கு வந்த ராக்காயி அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். படுத்திருக்கும் பசுவின் வயிறு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. கையை எடுக்க மனசில்லை.

முந்நூற்றுப் பத்துச் செங்கல். அத்தனையும் அவள் தலை வழியாகப் போனவை. எது எந்த வரிசையில் உட்கார்ந்தது என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவளுக்கு அந்த அடுப்பு வேண்டியிருந்தது. பூம்பாறை வீட்டில் நடுவே தரையில் மூன்று கல் அடுப்பு. புகை வீடெல்லாம் நிறைந்து, மூங்கில் பரணின் இடுக்கு வழியாக ஏறி, தகரக் கூரையின் ஓரத்தில் வழி தேடி வெளியே போகும். அவளுடைய ஒரே மகளுக்கு அப்போது ஏழு வயது. இளைப்பு நோய். தீ எரிந்தால் புகை, தீ இல்லாவிட்டால் குளிர். இரண்டிலும் பிள்ளையின் நெஞ்சு கீச்சுக் கீச்சென்றது. மார்கழி முழுக்க ராக்காயி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவாள்.

மறுவருடம் புரட்டாசியில் வேலையைத் தொடங்கினாள். கொடைக்கானலில் ஒரு பங்களாவில் இடித்துப் போட்ட கணப்பின் பழைய செங்கல்லை அடைக்கலராஜ் எடுத்துக் கொடுத்தார். காய்கறி இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் லாரியில் அது வந்து சேர்ந்தது.

"தீ படுற எடத்துல சிமெண்ட் பூசிராத தாயி, வெடிச்சிரும்," என்று சொல்லி அனுப்பியிருந்தார். "களிமண்ணும் மணலும் போதும். பூராம் காயுற வரைக்கும் தீ வைக்காத."

ஓடைக் களிமண்ணை மிதித்துப் பிசைந்து, பதினெட்டு நாளில் கட்டி முடித்தாள். பக்கத்து வீட்டில் செல்லப்பாண்டியின் அக்கா கருப்பம்மாள் இருந்தாள். தினமும் ஒருமுறை வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள்.

"ஏண்டி, அடுப்புக் கட்டுறியா, கோயில் கட்டுறியா?"

"கோயிலுன்னா உங்களக் கேக்காமக் கட்டுவேனா மதினி? உள்ள உக்காரப் போறதே நீங்கதான?"

முதல் தீ மூட்டிய அன்று புகை முழுவதும் பாத்திரம் வைக்கிற துளை வழியாகத் திரும்பி வந்துவிட்டது. செல்லப்பாண்டி இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினான்.

"புகையில்லாத அடுப்புன்னு சொன்ன. எனக்கு அடுப்பும் தெரியல, நீயும் தெரியல," என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

டீச்சர் வீட்டில் விறகு மூட்டும் முன்பு சிம்னியின் அடியில் ஒரு செங்கல்லை உருவி, பழைய பேப்பரைக் கொளுத்திப் போட்டது ராக்காயிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிம்னி குளிர்ந்து கிடந்தால் புகை ஏறாது, முதலில் அதைச் சூடாக்க வேண்டும். அடிச் செங்கல்லை உருவி ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தினாள். சிம்னிக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. வீட்டுக்குள் அலைந்த புகை திரும்பி, வந்த வழியே உள்ளே போனது.

அதன்பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லோருக்கும் நல்ல காலம். இரண்டு நாளைக்கு வந்த ஒரு சுமை விறகு நான்கு நாளைக்கு வந்தது. மகள் சுவரோரம் படுத்து விடிய விடியத் தூங்கினாள். ராக்காயியும் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். செல்லப்பாண்டி மாலையில் முதுகைச் சாய்த்தால் எழுந்திருப்பதே இல்லை.

"ஏலே பாண்டி, அங்கயே வேர் விட்டுட்டியாலே?" என்று கருப்பம்மாள் கேட்டாள்.

"விட்டிருச்சுக்கா. தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போ."

கார்த்திகையில் பத்து நாள் விடாமல் மழை. பதினோராம் நாள் செல்லப்பாண்டி பரணுக்கு ஏறினான். இறங்கும்போது முகம் செத்துப்போயிருந்தது. கையில் ஒரு பூண்டுக் கட்டு.

ஆவணியில் பிடுங்குகிற பூண்டில் நல்லதாகப் பொறுக்கி, காய்ந்த தண்டோடு கட்டிப் பரணுக்கு மேலே தொங்கவிடுவார்கள். வைகாசியில் ஊன்றும்வரை அது அடுப்புப் புகையிலேயே கிடக்கும். தோல் கறுத்துப்போகும். பூஞ்சணம் அண்டாது. முளையும் அவசரப்பட்டு வராது. இதை யாரும் மெனக்கெட்டுச் செய்வதில்லை. வீட்டில் சமைத்தால் தானாக நடந்துவிடும். அதனாலேயே யாருக்கும் அது தோன்றவில்லை. ராக்காயிக்கும் தோன்றவில்லை. புகை என்றால் அவளுக்கு மகளின் நெஞ்சு மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

செல்லப்பாண்டி ஒரு பூண்டை அழுத்திக் காட்டினான். விரல் உள்ளே போனது. நாற்பது கட்டில் ஒன்பது கட்டு இப்படி ஆகியிருந்தது. மற்றதிலும் சாம்பல் நிறப் பூஞ்சணம் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

"வர்ற வருசம் பூராம் இதுதான்," என்றான். "மூணு துண்டு நிலத்துக்கும் இதுதான் விதை."

கருப்பம்மாளுக்குச் செய்தி எட்டி, ஆளே வந்துவிட்டாள். "பூண்டுக்கும் குளிருமில்ல? அதுக்கொரு ஸ்வெட்டர் பின்னிப் போடு ராக்காயி."

"உங்க பரணுல கொஞ்சம் தொங்கவிடலாமா மதினி?"

"எம் பரணுல எலி நுழையவே எடமில்லாமக் கெடக்கு."

அவள் போன பிறகு செல்லப்பாண்டி சொன்னான்: "இடிச்சிரு. பழைய மூணு கல்லையே வை. வைகாசிக்குப் பெறகு என்ன வேணாலும் கட்டிக்க."

"மார்கழி வருது. பிள்ளை?"

"விதை?"

இரண்டு பேர் கேட்டதும் நியாயம். கடைசியில் செல்லப்பாண்டி, "அமாவாசை வரைக்கும் பாக்குறேன்," என்றான். அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அவனை அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டு, ராக்காயி மேல் வரப்பில் ஏறி நின்று சிம்னியைப் பார்த்தாள். முதலில் கறுப்பாகப் புகை வந்தது, பிறகு நீலமாக. கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே வரவில்லை. சிம்னிக்கு மேல் காற்று மட்டும் நடுங்கியது. தீ நன்றாகப் பிடிக்கும்வரை இந்த அடுப்பும் புகையத்தான் செய்தது. காலையும் மாலையும் கால் மணி நேரப் புகையை அவள் வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புகையைப் பூண்டுக்குத் திருப்பிவிட, மாலை மூட்டும் முன்பு பரணில் ஏறி, சிம்னி பரணைக் கடக்கும் இடத்தில் ஒரு செங்கல்லை உருவினாள். கீழே தீ பிடித்தது. ஆனால் செங்கல் உருவிய துளை வழியாகப் புகை வரவில்லை. கயிற்றைக் கொளுத்தித் துளையருகே காட்டினாள். கயிற்றின் புகை உள்ளே ஓடியது. சிம்னி வெளியே ஊதவில்லை, உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. மேலே போக நல்ல வழி இருக்கும்போது புகை எதற்காகப் பக்கவாட்டில் வரும்?

மறுநாள் எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகடு செய்தாள். துளைக்கு ஒரு சாண் மேலே செங்கல் இடுக்கைச் சுரண்டி, தகடு போய் வரும் அளவுக்குச் சந்து விட்டாள். தகட்டை உள்ளே தள்ளியதும் மேல் வழி அடைபட்டது. புகை வேறு போக்கில்லாமல் துளை வழியாகப் பரணுக்குள் கொட்டியது. பரண் நிறைந்தது. மூங்கில் இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது. கீழே செல்லப்பாண்டி களி கிண்டிக்கொண்டிருந்தான்.

"ராக்காயி," என்றான் பொறுமையாக, "பழைய அடுப்புல புகை கீழயிருந்து மேல போகும். நீ மேலயிருந்து கீழ விடுற. அதான வித்தியாசம்?"

ஆனால் மறுநாள் அவனே எங்கிருந்தோ பிளம்ஸ் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினான். பரணின் அடியில் ஒன்றுவிடாமல் அடித்தான். இடுக்குகளை ராக்காயி களிமண்ணால் அடைத்தாள். ஏறும் வழிக்கு ஒரு மூடுபலகை, சிம்னிக்கருகே கை நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு, இவ்விரண்டு மட்டும் விட்டார்கள். அந்தக் கதவு வழியாக ராக்காயி கையை உயர்த்தினால் தகடும் எட்டும், செங்கல்லும் எட்டும்.

அமாவாசை அன்று காலை சிம்னியின் அடியில் வைக்கோலைக் கொளுத்திச் சூடாக்கினாள். விறகை மூட்டி, மேலே செங்கல்லை உருவி, தகட்டைத் தள்ளினாள். கீழே புகை இல்லை. வெளியே போய்ப் பார்த்தாள். தகரக் கூரையின் ஓரமெல்லாம் புகை கசிந்தது, பழைய நாட்களைப் போலவே. கால் மணி நேரம் கழித்துத் தகட்டை இழுத்துச் செங்கல்லால் துளையை மூடியதும் தீ ஓவென்று எழும்பியது. மகள் சுவரோரம் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு ஒழுங்காக இருந்தது.

கெட்டுப்போன ஒன்பது கட்டை எருக்குழியில் போட்டார்கள். இன்னும் மூன்று கட்டு பின்னால் போயிற்று. தை பிறப்பதற்குள் மற்றதெல்லாம் நன்றாகக் கறுத்துவிட்டன.

வைகாசியில் இருபத்தெட்டுக் கட்டும் கீழே இறங்கின. செல்லப்பாண்டி ஒவ்வொரு பூண்டையும் உடைத்து, ஒவ்வொரு பல்லையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். அவன் அழுத்துவதை ராக்காயி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றிலும் விரல் உள்ளே போகவில்லை. இரண்டு துண்டு நிலத்தில் பூண்டு ஊன்றினார்கள். விதை போதாத மூன்றாவது துண்டில் உருளைக்கிழங்கு போட்டார்கள்.

பத்தாம் நாள் பாத்தி முழுவதும் பச்சை ஊசி குத்தி வைத்தது மாதிரி முளை வந்திருந்தது. கருப்பம்மாள் வந்து, வரப்பில் நடந்து, முளைக்காத இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். திரும்பி வந்தாள்.

"எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு. ஆனா அந்தத் தகடு என் கைக்கு எட்டணும். நான் ஒன்ன மாதிரி பனைமரமில்ல."

"ஒரு முக்காலி செஞ்சு தரச் சொல்றேன் மதினி. ஏறி நின்னுக்கிருங்க."

"அடுப்பு மூட்ட முக்காலி ஏறணுமா? ஊரு சிரிக்கும்டி."

"ஊருக்கும் நாந்தான கட்டிக் குடுக்கப் போறேன். அம்புட்டுப் பேரும் முக்காலிதான்."

கருப்பம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். செல்லப்பாண்டி மண்வெட்டியால் வரப்பைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று ராக்காயிக்குத் தெரிந்தது. அவளாகக் கேட்கவில்லை.

"அன்னைக்கு நான் இடிக்கச் சொன்னேன்ல," என்றான் கடைசியில்.

"எதை?"

"அடுப்பத்தான்."

"அப்படியா சொன்னீங்க? அன்னைக்கு எந்தலை அடுப்புக்குள்ள இருந்துச்சு. ஒண்ணும் காதுல விழல."

செல்லப்பாண்டி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் திருப்பிவிடப் போனான். இரண்டு படி கீழே இறங்கிய பிறகுதான் அவன் சிரிக்கிற சத்தம் மேலே கேட்டது.