படிக்கட்டுக்கு அடியில் காலி இடம்

ஜெராக்ஸக்காவிடம் எந்தக் காகிதத்தை வேண்டுமானாலும் நம்பிக் கொடுக்கலாம். விவாகரத்துப் பத்திரம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், மேலதிகாரி மேல் எழுதிய மொட்டைக் கடிதம், எதுவானாலும் சரி. வாங்கிய கையோடு முகத்தைக் கவிழ்த்துவிடுவாள். மெஷின் கண்ணாடியின் மூலையோடு மூலை சேர்த்து வைத்து, மூடியை இறக்கி, பொத்தானை அழுத்திவிட்டுத் தெருவைப் பார்ப்பாள். வந்து விழும் நகலையும் குப்புறவே தட்டி அடுக்கி, "சரியா விழுந்திருக்கான்னு நீங்களே பாத்துக்குங்க" என்று நீட்டுவாள். இருபத்தாறு வருஷத் தொழிலில், முதல் சில மாதம் போக, இதுதான் அவள் வேலை செய்கிற விதம்.

இது பிறவிக் குணம் இல்லை. பட்டு வந்த குணம். தொழிலுக்கு வந்த புதிதில் அவளும் வாங்கிய காகிதத்தையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் ஓர் இளம்பெண் ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைப் படித்துவிட்டு, "ஐயோ, இந்த வயசுலயா!" என்று இவள் வாயை விட்டுவிட்டாள். பெண்ணின் பின்னால் நின்றிருந்தவர் மாமியார். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகிற வழியில் கடை வாசலில் நின்று, "நீங்க ஒண்ணும் தப்பா சொல்லலைக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குக் கவிழ்த்த காகிதம்தான், பிறகு எதையும் அவள் நிமிர்த்திப் பார்க்கவில்லை.

காகிதத்தைப் பார்க்காதவள் தெருவைப் பார்த்தாள். ஒரு நகலுக்கு நாலு விநாடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு நாலு விநாடியாக இந்த நகரத்தின் நடுப்பகுதி மொத்தமும் இடிந்து எழுவதை அவள் பார்த்துவிட்டாள். முதலில் அவள் கடை போட்டிருந்தது சினிமா தியேட்டர் நுழைவாயிலில். அதைப் பதினோரு நாளில் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அங்கே பதினாலு மாடி கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறார்கள், அதே அட்டையோடு திரும்பி வருகிறார்கள். அடுத்து தபால் ஆபீஸ் சுவரோரம் ஐந்து வருஷம். அதுவும் போய் அங்கே கார் நிறுத்த ஐந்து மாடி கட்டினார்கள்.

இரண்டு தடவையும் அவளுக்கு வந்தது ஒரே வார்த்தைதான். "காலி பண்ணுங்க." நுழைவாயில், சுவரோரம் இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராத இடங்கள். இரண்டு தடவையும் மெஷினை ஏற்றி இறக்கியது சரக்கு வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர்தான். "நான் உன்னைக் கட்டிக்கிட்டேனா, இந்த மெஷினைக் கட்டிக்கிட்டேனான்னே தெரியலை" என்பார். தபால் ஆபீஸில் கடைசி வாரம், பக்கத்துக் கட்டடத்தை இடித்தபோது தெறித்து வந்த காரைத்துண்டு ஒன்று மூடி திறந்திருந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் விழுந்தது. வலது மேல் மூலையில் வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு கீறல். அன்றிலிருந்து அவள் எடுக்கும் ஒவ்வொரு நகலின் மூலையிலும் அந்தக் கீறல் கறுப்பாக விழும். இந்த மாடலுக்குக் கண்ணாடி கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். உள்ளே இருந்த சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக மாறியும் கண்ணாடி மட்டும் மாறவில்லை. "என்னக்கா, மறுபடியும் நகம் வெட்டிப் போட்டுட்டீங்களா?" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவளுக்கு அது கொஞ்சம் வெட்கம்தான்.

மூன்றாவது இடம், மூலைக் கட்டடத்து மாடிப்படிக்கு அடியில். பன்னிரண்டு வருஷம். நிமிர்ந்தால் தலை இடிக்கும், அதனால் உட்கார்ந்தே வேலை. மேலே யார் இறங்குகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். வாடகையை மாசாமாசம் கட்டட மேனேஜர் கையில் கொடுத்தாள். ரசீது கேட்டதில்லை. முகத்துக்கு முகம் பழகிய மனிதரிடம் காகிதம் கேட்பதாவது!

இப்போது மூலைக் கட்டடத்தின் முறை. ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம் இருந்தது. பழைய கட்டடத்தில் ஐந்து வருஷம் தொழில் செய்தவர்களுக்குப் புதிய கட்டடத்தில் இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. தெருவில் இதைக் கேள்விப்பட்ட அன்று ஜெராக்ஸக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிமிர்ந்து நின்று வேலை செய்கிற மாதிரி ஒரு கடை! கதவு எண்ணோடு ஒரு கடை! வீட்டுக்காரரிடம் கையை அகல விரித்து, "இவ்வளவு இருந்தாப் போதுங்க" என்று காட்டினாள். "இன்னும் கொஞ்சம் விரி, காசா பணமா" என்றார் அவர். ஐம்பத்து நாலு வயதில் இன்னொரு படிக்கட்டைத் தேடிப் போக அவளிடம் தெம்பில்லை. தேடினாலும் கிடைக்காது. நகரத்தில் இப்போது கட்டுகிற எந்தக் கட்டடத்திலும் படிக்கட்டுக்கு அடியில் இடமே விடுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ஒற்றைத் தாளோடு வந்தார். "நாப்பது காப்பிக்கா. கொஞ்சம் அவசரம்."

அவள் கவிழ்த்து வைத்தாள். வெளிச்சம் நாற்பது தடவை போய் வந்தது. எதிரே பழைய வங்கியின் மேல் கிரேன் திரும்புவதை நாற்பது தடவை பார்த்தாள். வழக்கமாக மேனேஜர் டீ வாங்கி வரச் சொல்லி ஊர்க்கதை பேசுவார். அன்று நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நடுவில் சிக்கிக் கசங்கிய ஒரு தாளையும் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லையா சார்?" என்றாள்.

"வெயில்தான்" என்றார். அன்று வெயிலே இல்லை. அதையாவது அவள் கவனித்திருக்கலாம்.

பதினாலு நாள் போனது. பதினாலாம் நாள் சாயங்காலம் மேல்மாடி மூக்குக்கண்ணாடிக்கடைத் தம்பி தடதடவென்று இறங்கி வந்தான். வாய் ஓயாதவன், நல்லவன். அவன் கடையிலிருந்து இழுத்த ஒயரில்தான் அவள் மெஷின் ஓடுகிறது.

"அக்கா, இது ஒரு காப்பி. நாளைக்கு நகரமைப்பு ஆபீஸ்ல விசாரணை."

அவள் கவிழ்த்தாள்.

"திருப்புங்கக்கா."

"நான் படிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இதைப் படிங்க. ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கிறவன், பதினாலு நாளா மேஜை மேல கிடந்ததை நானே இப்பத்தான் முழுசாப் பாத்தேன்."

திருப்பினாள். கட்டடத்தில் தொழில் செய்கிறவர்களின் பட்டியல். இடம் கேட்க உரிமை உள்ளவர்கள் இவர்கள் என்று கட்டட முதலாளி கொடுத்திருந்தார். ஆட்சேபம் இருந்தால் பதினைந்தாம் நாள் காலை நேரில் வந்து சொல்லலாம், அதற்குப் பிறகு எதுவும் செல்லாது. பதினேழாவது வரி: தரைத்தளம், மாடிப்படிக்கு அடியில், காலி இடம்.

வலது மேல் மூலையில் நகத்துண்டு.

தன்னை இல்லை என்று எழுதிய காகிதத்தைத் தன் கையாலேயே நாற்பது தடவை அச்செடுத்து, தட்டி அடுக்கி, "பாத்துக்குங்க" என்று கொடுத்திருக்கிறாள். கட்டடத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொன்று போயிருக்கிறது, அவளைத் தவிர. மேனேஜர் வேறு எங்காவது போய் எடுத்திருக்கலாம். ஆனால் எதற்கு அலைய வேண்டும்? இவள்தான் படிக்க மாட்டாளே! அவள் நேர்மையை நம்பியே அவள் கழுத்தில் கை வைத்துவிட்டார்.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. "நான் ஒரு மடச்சிங்க" என்றாள். வீட்டுக்காரர் அன்று ஒரு கிண்டலும் பண்ணவில்லை. "படிச்சிருந்தா நீ நீயா இருந்திருக்க மாட்டே" என்றார். "காலையில நானே கொண்டுபோய் விடறேன்."

விடிந்ததும் கடையைத் திறந்து, தான் எழுதிய மனுவை ஒரு நகல் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூட மூக்குக்கண்ணாடிக்கடைத் தம்பி. ஆபீஸ் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா அதிகாரி. இந்தப் பக்கம் மேனேஜர். அவர் இவளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடகை ஒப்பந்தம் இருக்கா?"

"இல்லைங்க மேடம்."

"ரசீது?"

"இல்லைங்க."

"கரண்ட் பில்லாவது?"

"என் பில்லுல வருது மேடம்" என்று தம்பி முந்திக்கொண்டான். "என் போன்ல போட்டோ கூட இருக்கு, பாருங்க."

"போட்டோவில இன்னிக்கு இருக்காங்கன்னு தெரியும். அஞ்சு வருஷமா இருந்தாங்கன்னு எழுத்துல வேணும்." அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் குரலில் சலிப்பு இருந்தது, ஏளனம் இல்லை. மேனேஜரிடம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "வழியில ஒரு மெஷின் வச்சிருப்பாங்க மேடம். அப்பப்ப வருவாங்க, போவாங்க. எப்பருந்துன்னு எங்களுக்குத் தெரியாது."

ஜெராக்ஸக்கா அவரையே பார்த்தாள். அவர் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது அத்தனை சான்றிதழையும் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தவள் அவள். தலையைக் குனிந்தாள். குனிந்த கண்ணில் மேஜை மேல் இருந்த மூலைக் கட்டடத்தின் தடித்த ஃபைல் பட்டது. மேல் தாளின் மூலையில் நகத்துண்டு.

"மேடம், இந்த ஃபைலை ஒரு தடவை புரட்டிப் பாக்கட்டுமா?"

அதிகாரி ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். அவள் புரட்டினாள். அப்போதும் படிக்கவில்லை! பழக்கம் போகுமா? எழுத்தை இடது கையால் மறைத்துக்கொண்டு மூலையை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். பட்டியல், வரி ரசீது, தீயணைப்புச் சான்று, பழுதுபார்க்க அனுமதி கேட்ட விண்ணப்பம். ஒவ்வொன்றிலும் நகத்துண்டு. ஒவ்வொன்றின் கீழும் இந்த ஆபீஸ் பெற்றுக்கொண்ட தேதி முத்திரை.

"இது என் மெஷினோட கீறல் மேடம். இதோ, இன்னிக்குக் காலையில எடுத்த என் மனுவில பாருங்க."

அதிகாரி மனுவை வரி ரசீதின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கீறலும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. கீழே தேதியைப் பார்த்தார். பதினோரு வருஷத்துக்கு முந்தியது. அடுத்தது எட்டு, அதற்கடுத்தது ஆறு, நாலு, போன வருஷம்.

"மெஷின் எங்க வேணாலும் இருந்திருக்கலாமே" என்றார் மேனேஜர். குரல் தேய்ந்துவிட்டது.

அதிகாரி பட்டியலைத் தனியாக எடுத்தார். பதினேழாவது வரியில் விரலை வைத்தார். "இதுல கையெழுத்து உங்களுதுதானே? நீங்கதானே காப்பி எடுத்தீங்க?"

"ஆமா மேடம்."

"இதையும் அந்தப் பதினோரு வருஷக் காப்பியையும் எங்க எடுத்தீங்க?"

மேனேஜர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் அவருக்கு ஒரு வழியும் காட்டவில்லை. முதல் தடவையாக ஜெராக்ஸக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"படிக்கட்டுக்கு அடியில மேடம்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. காலி இடம் என்ற வார்த்தையின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, திருத்திய பட்டியல் மூன்று நாளில் எல்லாருக்கும் போகவேண்டும் என்று எழுதினார்.

வெளியே வராந்தாவில் மேனேஜர் பின்னாலேயே வந்தார். "முதலாளி சொன்னாருக்கா. எனக்கு வேற வழி தெரியலை."

"வழி தெரியலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் படிக்க மாட்டேன்னு நம்பி வந்தீங்களே சார், அதைத்தான் என்னால தாங்க முடியலை." வேனில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

மூன்றாம் நாள் காலை படியில் பழகிய செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் திருத்திய பட்டியலோடு வந்து நின்றார். நீட்டும்போது நிமிர்த்தியே நீட்டினார்.

"நாப்பது காப்பிக்கா. நாப்பத்தொண்ணாப் போடுங்க, உங்களுக்கும் ஒண்ணு. படிச்சுப் பாத்துட்டு எடுங்க."

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே உள்ள பதினாறு வரிகளை ஓர் உள்ளங்கையாலும், கீழே உள்ளவற்றை மறு உள்ளங்கையாலும் மறைத்தாள். நடுவில் இருந்த ஒரே ஒரு வரியை எழுத்து எழுத்தாகப் படித்தாள். தரைத்தளம், மாடிப்படிக்கு அடியில், நகல் கடை, பன்னிரண்டு வருஷம். இன்னொரு தடவை படித்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து, மூலையோடு மூலை சேர்த்து வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தாள்.