பாலைக் கையில் கொடுக்கும் சந்து

சனிக்கிழமை காலை எட்டு நாற்பது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு டார்ச் லைட், ஒரு குடை, மனைவியின் தைலப் புட்டி. மாற்றுச் சட்டை இல்லை. திருப்பத்தூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் நான். பயம் வந்தால் கைக்கு டார்ச் லைட்தான் அகப்படுகிறது.

என் மகள் யமுனாவுக்கு இருபத்திரண்டு வயது. பெங்களூர் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் ஃபோனுக்குப் பதில் சொல்லும் வேலை. ஈஜிபுராவில் ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். பத்து நாளாக என் ஃபோனுக்கு மட்டும் பதில் சரியில்லை. சாப்டியாம்மா? ம். வேலை எப்படி? ம். இதற்கெல்லாம் யாரும் நூற்று நாற்பது கிலோமீட்டர் ரயிலில் ஓட மாட்டார்கள். ஆனால் எட்டு மாதத்துக்கு முன் என் அண்ணன் மகன் முரளி தற்கொலை செய்துகொண்டான். அவனும் யமுனாவும் அடுத்தடுத்த வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அதற்கு முந்தின நாள் மாலை அவன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனான். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை. சிரிப்பு மட்டும் காதில் இருக்கிறது.

பங்காரப்பேட்டை தாண்டியதும் எதிர் சீட் அம்மா, "சார், அது என் தண்ணி பாட்டல்" என்றார். முக்கால் பாட்டில் குடித்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினேன். நான் இறங்க வேண்டியது கண்டோன்மெண்ட். அந்த அம்மாவே ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு மறுபடி ஏற்றிவிட்டார். "மொத தடவையா பெங்களூரு?" "பதினஞ்சாவது தடவைம்மா." அவர் தன் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

பதினொன்று இருபது. கண்டோன்மெண்ட் வாசலில் ஆட்டோக்காரர், "தொம்மலூரா? நூத்தி எண்பது ஆவும் சார், ட்ராஃபிக் நோடி, பாருங்க" என்றார். பேரம் பேசாமல் ஏறியதில் அவருக்கே சந்தேகம் வந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கடைக்குச் சரக்கு வாங்க வருவதாக யமுனாவிடம் பொய் சொல்லியிருந்தேன். "இன்னிக்கு ஷிஃப்ட்டு. நாளைக்கு லீவு, காலைல ரூமுக்கு வா" என்று சொல்லியிருந்தாள். நாளை வரைக்கும் யாரால் பொறுக்க முடியும்?

ஒன்று பதினைந்துக்கு அவள் அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் குடையை விரித்து அதன் பின்னால் ஒளிந்து நின்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. தெருவில் குடை பிடித்தவன் நான் ஒருவன்தான், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நல்ல வேளை, யமுனா பார்க்கவில்லை. இரண்டு தோழிகளோடு வெளியே வந்தாள். என்னவோ சொன்னாள். அவர்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. இரண்டு பன் வாங்கித் தின்றேன்.

மூன்று மணிக்கு ஜோகுபாளையம். பெரியம்மா மகள் குணா அக்கா வீடு அங்கே ஒரு சந்தில் இருக்கிறது. அக்கா ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். புத்தர் படத்துக்குக் கீழே பாயைப் போட்டு உட்கார வைத்தாள்.

"நல்லா சிரிக்கிறாக்கா. நான்தான் சும்மா பேஜாராயிட்டேன்."

"யாரு பொண்ணு அவ?"

"இதென்ன கேள்வி? என் பொண்ணு."

"அப்ப சிரிப்ப வெச்சி இன்னாத்த கண்டுபுடிச்ச? முரளி கூடத்தான் சிரிச்சிகினு போனான்."

வாயில் இருந்த முறுக்கை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அவள கேட்டியா? சாவணும்னு தோணுதான்னு?"

"அய்யோ, நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதாக்கா?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தோம், பின்வீட்டு தினேசு போற வரைக்கும். அப்புறம் ஆஸ்பத்திரில இருந்து ஒரு அம்மா வந்து சந்து மொத்தத்தையும் ஒக்கார வெச்சி சொல்லிச்சி. கேக்கறதால புதுசா நெனப்பு வராதாம். ஏற்கனவே நெனச்சிகினு இருக்கறவனுக்கு, அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு இருக்குமாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "நீ கேப்ப. ஆனா கேள்விய முடிக்கறதுக்குள்ள ஒரு ஜோக்க சொருவிடுவ. இந்த வாரம் சந்துக்கு பால் போடறது எங்க மொற. காலைல என்கூட வா."

மாலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று அந்தக் கேள்வியைப் பேசிப் பார்த்தேன். நான்கு முறையும் கேள்வியின் வாலில் ஒரு கிண்டல் தானாக ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது முறை, "சேகரு, உள்ள யார்கிட்டடா பேசற?" என்று அக்கா கதவைத் தட்டினாள்.

ஞாயிறு காலை ஆறு பத்து. பால் பூத்திலிருந்து பத்தொன்பது பாக்கெட், பதினான்கு வீட்டுக்கு. முன்பெல்லாம் கிரில் கதவில் தொங்கும் துணிப்பையில் போட்டுவிட்டுப் போவார்களாம். தினேஷின் அம்மா ஊருக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுப் பை இரண்டு நாள் பாலோடு அப்படியே தொங்கியது. சந்தே அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தது. அதற்குப் பிறகு பைகளை எடுத்துவிட்டார்கள். வாரம் ஒரு வீட்டார் முறை வைத்துப் பாலைக் கையில் கொடுக்கிறார்கள். வீட்டில் இளவட்டம் இருந்தால் அவர்கள்தான் வந்து வாங்க வேண்டும். வாசலில் கேள்வி எதுவும் கிடையாது, முகத்தைப் பார்ப்பதோடு சரி. இரண்டு நாள் முகம் தெரியாவிட்டால் மாலையில் ஒருவர் போய் உட்கார்ந்து நேராகக் கேட்கிறார்கள். ஆமாம் என்று பதில் வந்தால் தனியாக விடுவதில்லை. மாற்றி மாற்றிக் கூட இருந்து, டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள்.

மூன்றாவது வீட்டில் உள்ளேயிருந்து, "அங்கயே வெச்சிட்டு போங்க" என்று குரல் வந்தது. படியில் வைத்துவிட்டு வந்தேன்.

"மூஞ்சி?" என்றாள் அக்கா.

"கொரல் வந்துச்சேக்கா."

"கொரல நான் ஃபோன்ல கேட்டுக்க மாட்டனா? போடா, திரும்பப் போ."

திரும்பப் போய்த் தட்டினேன். தூக்கம் கலையாத ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்பு இருக்கும், கதவைத் திறந்து பல்லைக் காட்டினான். "புதுசா அங்கிள்? அட்டெண்டன்ஸ் போட்டாச்சா? வலது பக்கமும் காட்டட்டுமா?" எனக்குச் சரியான ஜோடி. ஆனால் பதினோராவது வீட்டில், கல்லூரியை விட்டு நின்றுவிட்ட ஒரு பெண் பாலை வாங்கியும் கதவை மூடாமல் நின்றாள். அக்கா மிச்சப் பாக்கெட்டுகளை என் கையில் திணித்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசி மூன்று வீட்டுக்கும் நான்தான் போனேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் அக்காவின் தோளில் தலை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

ஈஜிபுரா, ஒன்பது மணி. ஆறு கிலோமீட்டர், இரண்டு பஸ். மூன்றாவது மாடிக்கு ஏறினேன். யமுனா கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, குடைக்குப் பின்னாலிருந்து, இது தெரியவில்லை.

"சரக்கு வாங்க வந்த மொதலாளி பால் பாக்கெட்டோட நிக்கறாரு" என்றாள். அறைத் தோழி ஓசூர் போயிருந்தாள். பாலைக் கையில் கொடுத்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

"யமுனா, செத்துடலாம்னு நெனக்கிறியாம்மா?"

அவள் ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாள். "ஏம்பா, கடைய என் பேர்ல எழுதப் போறியா? டைம் பாத்து கேக்கற."

நல்ல ஜோக். நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டு வழக்கப்படி இதற்கு நான் ஒன்று சேர்க்க வேண்டும், அவள் அதன் மேல் ஒன்று வைப்பாள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். என் வாய் தயாராகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் பிறந்ததிலிருந்து அவள் ஜோக்குக்கு நான் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அவள் காத்துப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டு பாக்கெட்டை வெட்டி, பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்ற வைத்தாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"டெய்லி இல்லப்பா."

கரண்டியை எடுத்துப் பாலைக் கிளறினாள்.

"முரளி கடைசியா ஒரு மெசேஜ் போட்டிருந்தான். 'தூக்கமே வரல'ன்னு. நான் சிரிக்கிற பொம்மை அனுப்பினேன். அதோட நிக்குது. அதையே பாத்துகினு இருக்கேன்."

"நான் அன்னிக்கு அவனுக்கு ஜோக் சொன்னேன்மா" என்றேன். எட்டு மாதமாக மனைவியிடம்கூடச் சொல்லாதது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொன்னோம் என்று தெரியாது. பாலை யாரும் குடிக்கவில்லை.

மதியம் அக்கா வந்தாள். மாலைக்குள் யமுனாவின் பெட்டி ஜோகுபாளையம் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை அரசு மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். டாக்டரம்மா அவளிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். மாத்திரை எழுதினார், வாரம் ஒரு முறை வரச் சொன்னார். ஒரு வாரம் தங்கினேன். சட்டை அக்கா வீட்டுக்காரருடையது, தோளில் பிடித்தது. கிளம்பின அன்று காலை யமுனாதான் பால் போட்டாள். நான் பின்னால் கூடை தூக்கினேன். பதினோராவது வீட்டில் அவளும் அந்தப் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. நேற்று ஃபோனில், "இன்னிக்கு மோசம்பா" என்றாள். அதற்கு நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. அரை மணி நேரம் பேசினோம்.

திருப்பத்தூரில் எங்கள் தெருவில் பால்காரர் கேட்டில் மாட்டிவிட்டுத்தான் போகிறார். பக்கத்து வீடு அண்ணன் வீடு. முரளி போன பிறகு அந்த வாசலை நான் தலை குனிந்துதான் தாண்டினேன். ஊர் திரும்பிய மறுநாள் காலை அண்ணன் வீட்டுப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமில்லை. மாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கால் இரண்டு முறை திரும்பியது. மறுபடி தட்டினேன்.

அண்ணன் கதவைப் பாதி திறந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. அடுத்த வீட்டிலேயே இருந்தும் எனக்கு அது தெரியாது.

"என்னடா?"

"பால்ண்ணா."

"மாட்டிட்டு போறதுதான?"

"ஒன் மூஞ்சிய பாக்கணும்னு வந்தேன்."

வழக்கம்போல இதற்கு அடுத்து ஏதாவது கிண்டல் வரும் என்று அண்ணன் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.