பத்தியத்துக்கு வளர்த்த கோழிகள்

அடுப்புப் புகையில் கறுத்துப்போன சோளக் கதிரை உள்ளங்கையில் வைத்துத் திருகும்போது, மணிகள் தகர டப்பாவுக்குள் சடசடவென்று விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் கோழிகள் மட்டுமில்லை, எங்கே இருந்தாலும் நானும் ஓடி வந்துவிடுவேன். கேமரன் மலையில் வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது. காலையில் முற்றத்தில் விரித்ததை மத்தியானத்துக்குள் பனிமூட்டம் வந்து நனைத்துவிட்டுப் போய்விடும். அதனால் தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் அம்மா கதிர்களை அவற்றின் தோலாலேயே ஒன்றோடு ஒன்று முடிந்து அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டிருப்பாள். கீழே கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் புகைந்துகொண்டே இருக்கும். லயத்தில் அந்தச் சோளத்தை மலாயில் 'ஜாகோங்' என்றுதான் சொல்வோம், மக்காச்சோளம் என்று புத்தகத்தில் படித்தபோது அது வேறு ஏதோ பெரிய இடத்துத் தானியம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கோழிகளுக்கு மணி போட்டால் போட்ட இடத்தில் நிற்க மாட்டேன். ஒரு பிடியைக் கூண்டுப் பக்கம் எறிவேன், ஒரு பிடியைக் குழாயடிப் பக்கம் எறிவேன், அவை பாவம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சுற்றும். "காலுல சக்கரமாடி கட்டியிருக்கு? ஒரு எடத்துல நின்னு போடு, அதுங்க நிம்மதியா திங்கட்டும்லா" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். நின்று போட எனக்கு எங்கே மனம் வந்தது? அந்த வருடம் வீட்டில் யாருக்குமே ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

காரணம் அக்கா. எண்பதுகளின் கடைசியில் அவளைக் கம்போங் ராஜா பக்கத்தில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்கா புருஷனை எங்கள் வீட்டில் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமான முதல் வருடமே அக்கா உண்டாகி, அது வயிற்றில் தங்காமல் போய்விட்டது. மறுபடியும் உண்டானபோது, வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். வந்தவளைப் பார்த்து நான் பயந்துபோனேன். வயிறு மட்டும் முன்னால் நிற்க, கன்னமெல்லாம் ஒட்டி, கை இரண்டும் குச்சியாக இருந்தன. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே தவறிவிட்டார். இந்தப் பிள்ளையும் அக்காவும் பிழைத்து வரவேண்டும் என்கிற பாரம் முழுக்க அம்மா தலையில்தான்.

அம்மா அதற்குக் கோழி வளர்த்தாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு மிளகும் பூண்டும் நல்லெண்ணெயும் போட்டு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக் கொடுப்பது எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அம்மாவுக்கு வெறும் நாட்டுக்கோழி போதாது. அது தின்றதெல்லாம் நம் கையால் விளைந்ததாக இருக்கவேண்டும். "கோழி தின்னுறதுதான் உங்கக்காவுக்குப் பாலா எறங்கும். கண்டத தின்ன கோழிய நான் என் மவளுக்கு ஆக்கிப்போட மாட்டேன்" என்பாள். கடையில் விற்ற தீவனத்தை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் சோளமும் சக்கரவள்ளியும் பூசணியும் போட்டிருந்தாள். கொழுந்து வெட்டும் கத்தரியைத் தோளிலிருந்து இறக்கி வைத்த அதே கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போவாள், கால் வலி முதுகு வலி என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. சக்கரவள்ளித் தோலை வேகவைத்துக் கஞ்சியில் பிசைந்து காலையில் ஒரு வேளை, சாயங்காலம் சோளம், நடுவில் முளைக்கீரையும் சக்கரவள்ளிக் கொடியும் பொடிப்பொடியாக அரிந்து போடவேண்டும். மண்புழு தோண்டுவது என் வேலை, அதுதான் எனக்குப் பிடித்த வேலையும். உடைந்த தேயிலைப் பெட்டிகளை ஆணியடித்துச் செய்த கூண்டில் அவை ராத்தங்கும். கூண்டைத் திறந்தால் கோழி நாற்றத்தோடு கொஞ்சம் தேயிலை வாசனையும் அடிக்கும். காலையில் திறந்ததும் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். பனிமூட்டம் இறங்கினால் இன்னும் மோசம்; வெள்ளையாக ஒன்றும் தெரியாது, 'பா, பா, பா' என்று கூப்பிட்டுக்கொண்டே சரிவு முழுக்க ஓடுவேன். அக்கா வாசலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு, "உன்னால எனக்குத் தல சுத்துதுடி, வந்து பக்கத்துல உக்காரு" என்று சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அக்காவைப் பார்க்க வந்தார். தோட்டத்துக் காய்கறி லோரியிலேயே ஏறி வந்து, கீழே ரோட்டில் இறங்கி, ஏற்றம் முழுக்க ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார். மாமா நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார், மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் டின் வாங்கி வருவார். அன்றைக்கு டின்னோடு சாக்கும் இருந்தது. அம்மா கோழிகளுக்குத் தீனி தேடி அலைகிறாள் என்று யாரோ அவரிடம் சொன்னார்களாம். முட்டைக்கோசின் மேல் இலைகளை, தோட்டத்தில் கழித்துப் போடுவதை எல்லாம், பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மாமா சாக்கைப் பின்பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துக் கொட்டினார். அத்தனை பச்சையை எங்கள் கோழிகள் ஜென்மத்தில் பார்த்ததில்லை, விழுந்து விழுந்து தின்றன. மாமா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! அக்காவும் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா திரும்பி வருவதற்குள்ளேயே முதல் கோழி கழுத்தைச் சாய்த்துவிட்டது. கால் இரண்டும் பின்னிக்கொண்டு நடக்க முடியாமல் உட்கார்ந்தது, வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. நான் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திப் பார்த்தேன், நிறுத்த நிறுத்த விழுந்தன. வெளிச்சம் மங்குவதற்குள் முற்றமெல்லாம் கோழிகள் கிடந்தன. உள்ளே விறகு மூலையில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் அடைக்கு உட்கார்ந்திருந்த சாம்பல் கோழி மட்டும் மிச்சம். அது முட்டையை விட்டு எழுந்து வரவேயில்லை.

அம்மா மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசியதே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சாப்பிடச் சொல்லுடி" என்று என் வழியாகத்தான் பேசுவாள். அன்றைக்கு வெளியே வந்து அவர் எதிரில் நின்றாள்.

"மருந்தடிச்ச எலையா மாப்பிள்ள?"

"அடிச்சதுதான் அத்த. ஆனா நடுவுல நல்ல மழ பேஞ்சிச்சு. கழுவிட்டுப் போயிருக்கும்னு..." மாமா கோழிகளைப் பார்த்தார். "தோட்டத்துல எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க அத்த."

"அடிக்கிறது யாரு?"

"நான்தான்."

அம்மா செத்த கோழிகளைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், ஏனென்றால் அவள் திட்டினால் லயம் முழுக்கக் கேட்கும். அவள் திட்டவில்லை. "அந்த வேல செய்யிற சட்டைய யாரு தொவைக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அக்காதான் சொன்னாள். "நான்தாம்மா. வேற யாரு தொவைப்பா?"

"போன தடவ உண்டாயிருந்தப்பயும்?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் அவளுக்கும் விளங்கியது போலிருக்கிறது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் பிள்ளை போனதற்கு அந்தச் சட்டைதான் காரணமா? எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை, கேட்பதற்கும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்த முற்றம் போதுமானதாக இருந்தது. "மாப்பிள்ள, கோழி போனா போவுது. என் மவள அந்தத் தோட்டத்துக்கு நான் இனிமே அனுப்ப மாட்டேன். உங்களுக்குப் பொண்டாட்டி புள்ள வேணும்னா நீங்க இங்க வந்துருங்க" என்றாள். மாமா குழி வெட்டிக் கோழிகளையெல்லாம் புதைத்தார், மீந்த இலைகளையும் போட்டு மூடினார். புதைக்கும்போது அழுதார். பெரிய மனுஷன் ஒருவர் அப்படி அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார்.

அப்புறம் வந்த நாட்களைப் போல ஒரு தவிப்பு எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. மாமா வருவாரா, மாட்டாரா? அக்கா வாசலை விட்டு நகரவில்லை. "ரோசக்காரரு, வரமாட்டாரு" என்று அவளே சொல்லிவிட்டு, ரோட்டில் லோரிச் சத்தம் கேட்டால் அவளே எழுந்து நிற்பாள். அம்மாவோ விறகு மூலைக்குப் போய்ச் சாம்பல் கோழிக்கு முன்னால் தண்ணீரையும் சோளத்தையும் வைத்துவிட்டு, அங்கேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சொன்னது தப்போ என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? இல்லம்மா என்றேன்.

குஞ்சுகள் பொரித்தபிறகு ஒருநாள் மாமா துணி மூட்டையோடு வந்து சேர்ந்தார். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியைப் பார்த்துப் பேசி, கவாத்து வெட்டும் கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காய்கறித் தோட்டத்தில் கிடைத்ததைவிடச் சம்பளம் குறைச்சல்தான். அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். பத்தியத்துக்கு இருந்ததோ ஒரே கோழி, அதுவும் இறகு முளைக்கத் தொடங்கிய குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிகிற கோழி. அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோழியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அதுக்குப் புள்ளைங்க இருக்கும்மா!" என்று கத்தினேன்.

"எனக்குந்தான் இருக்கு" என்றாள் அம்மா.

என் கையிலிருந்து கோழியை வாங்கியது மாமா. அறுத்ததும் அவர்தான், சுத்தம் செய்ததும் அவர்தான். அம்மா குழம்பு வைத்து, அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசிச் சொட்டுக் குழம்புவரை குடிக்கவைத்தாள். அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் குஞ்சுகளை ஒரு கூடையில் போட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டு, சோளத்தை இடித்து நொய்யாக்கி விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். பாதிக் குஞ்சுகள் பிழைத்தன. நான் ஓர் இடத்தில் உட்காரக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இன்றைக்கு அந்த லயத்தில் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். சரிவில் சோளமும் இல்லை, பூசணியும் இல்லை. அம்மாவும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா கீழே தாப்பாவில் இருக்கிறாள், அன்றைக்குப் பிறந்த அவள் மகளுக்குப் பத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மலையில் மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் போன வாரம் போன் போட்டாள். "எனக்கு ஒரு கோழி பார்த்துத் தாடி. என்ன தின்னுச்சுன்னு தெரிஞ்ச கோழியா இருக்கணும்."

ரிங்லெட்டில் கேட்டேன். பிரிஞ்சாங் சந்தையில் கேட்டேன். "நாட்டுக்கோழிதான் லா அக்கா, பார்த்தாலே தெரியலயா?" என்றான் விற்கிறவன். என்ன தீனி என்று கேட்டதற்கு, "லோரில வருது, நான் விக்கிறேன்" என்று சிரித்தான். கடைசியாகக் கம்போங் ராஜாவில் ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பின்புறத்தில் பார்த்தேன், நல்ல கொழுத்த நாட்டுக்கோழிகள், பளபளவென்று இருந்தன. கழித்துப் போட்ட கோசு இலைக் குவியலின் மேல் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தன. வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றுகூடச் சரியாகச் சொல்லாமல் காரில் ஏறி வந்துவிட்டேன்.

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. "கோழி கெடைக்குதுக்கா. அது என்ன தின்னுச்சுன்னு சொல்றதுக்குத்தான் ஆளு கெடைக்கல" என்றேன். போனில் அவளுக்குப் பின்னால் பேத்தி அழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப வேணாம்டி" என்றாள் அக்கா. "நான் பருப்பக் கடைஞ்சே குடுத்துக்கிறேன்."