நடுக் கட்டத்தில் போட்ட டிக்

சரி, தவறு, குடும்பம் எல்லாமே மனிதர்கள் கூடிப் பேசிப் பேசி உண்டாக்கிக்கொண்டவைதான் என்று சமூகப்பணிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். மதுரை தல்லாகுளத்தில் ஓர் ஆதரவற்ற பிள்ளைகள் விடுதியில் வேலைக்குச் சேர்ந்ததும் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். எந்தப் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று விசாரித்து எழுதுவது என் வேலை.

எழுபதுகளின் கடைசியில், மழை பொய்த்த ஒரு வருஷம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருத்தி ஐந்து வயது மகளோடு வந்தாள். நிலைமை சீராகும்வரை பிள்ளைக்குச் சோறு கிடைத்தால் போதும் என்றாள். புருஷன் எங்கே என்று கேட்டேன். குடிகாரனோடு வாழப் பிடிக்காமல், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப்போட்டு அந்த உறவைத் தீர்த்துக்கொண்டாளாம். அவர்கள் பக்கம் அது வழக்கம், யாரும் முகம் சுளிப்பதில்லை. சேர்க்கைப் பாரத்திலோ தாயைப் பற்றி மூன்றே கட்டம்: விதவை, கைவிடப்பட்டவள், மற்றவை. மற்றவைக்கு இடம் கிடைக்காது. நடுக் கட்டத்தில் டிக் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"அவன் என்னைய விடல டீச்சர். நாந்தான் அவன விட்டேன்" என்றாள். செருப்பும் கைப்பையுமாக இருக்கும் பெண்களெல்லாம் அவளுக்கு டீச்சர்தான். பேசாமல் கைநாட்டு வை, பிள்ளைக்குத்தான் நல்லது என்று அதட்டினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

இரண்டு வருஷம் கழித்து, ஊரறிய மறுபடி கல்யாணம் முடித்து, மகளைக் கூட்டிப்போக வந்தாள். விடுதிக் கமிட்டி என் பாரத்தை எடுத்துப் பார்த்தது. கைவிட்ட புருஷன் உயிரோடு இருக்கிறான், கோர்ட்டுத் தீர்ப்பும் இல்லை, எவனோ ஒருவனோடு இருப்பவளிடம் பெண் குழந்தையை எப்படி அனுப்புவது என்றார்கள். ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். தலைவர் பாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"இது உங்க கையெழுத்துதானம்மா?"

பொய் எழுதினேன் என்றால் என் வேலை போகும். எழுதியது உண்மை என்றால் அவள் பிள்ளை போகும். ஆமாம் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மறுப்புக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். வராந்தாவில் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. தான் மறுபடி கட்டிக்கொண்டதைப் பாரத்தின் ஓரத்தில் எழுதிவிடக் கூடாதா என்று மட்டும் கேட்டாள். அதற்கு இடமில்லை என்றேன்.

மகளைப் பார்க்க மட்டும் அனுமதித்தார்கள். எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு வந்த பிள்ளை, தூணுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. இவள் சிரித்துக்கொண்டே, "நா யாருடி, சொல்லு" என்றாள். விடுதியைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களிடம் பாரத்தில் உள்ளதை ஒப்பிக்கப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, அதே குரலில், "என் தாயார் கணவனால் கைவிடப்பட்டவர்" என்றது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டீகளா டீச்சர்?"