சாமி வரவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னேன்

நாலு பேர் நடுவில் பேசத் தெரியாதவள் நான். மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். என்னைப் போலவே மாரியம்மனை நம்பி வாழ்கிற உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் மாசியில் தொடங்கியது. கொழுந்துச் சாக்கோடு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கும். நின்றால் சரியாகிவிடும். வாயு என்று இஞ்சி தின்றேன். இடது கை கடுத்தது. கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்ததால் வந்த வலி என்று விட்டுவிட்டேன். வீட்டில் சொன்னால் பங்குனியில் பால்குடம் எடுக்க விடமாட்டார்கள். மகளின் பிரசவத்துக்காக நேர்ந்த குடம் அது.

திருவிழா அன்று காலையில் வெறும் வயிற்றோடு குடம் எடுத்தேன். கோயில் படிக்கட்டை நெருங்கும்போது நெஞ்சைப் பிடித்து முறுக்கியது. வலி தாடை வரை ஏறியது. வேர்த்து ஊற்றியது. உடம்பு ஆடியது. அதைப் பார்த்து மேளக்காரர்கள் வேகமாக அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஆத்தா எறங்கிட்டா! வேப்பிலையக் குடுங்க!"

என் நாத்தனார் பேச்சியம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பக்கத்து வீட்டு ராணி காலில் விழுந்தாள். "தாயே, எம்மவனுக்கு பி.எஸ்.சி. பரீட்ச எழுதுன சர்க்காரு வேலை எப்பக் கெடைக்கும், சொல்லு தாயே!"

எனக்கு மூச்சே இல்லை. இத்தனை பேர் கும்பிடும்போது சாமி இல்லை என்று எப்படிச் சொல்வேன்? வெட்கத்திலேயே செத்துப்போவேன் என்று தெரிந்தது. கண்ணை மூடினேன். 'ஆத்தா, நீ வரலன்னு சொல்ல எனக்கு ஒரு குரல் குடு.' அவ்வளவுதான் என் வேண்டுதல்.

குரல் வந்தது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"மேளத்த நிப்பாட்டுங்க! சாமி வரல. எனக்கு நெஞ்சு வலிக்குது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க!"

மேளம் நின்றது. ராணி மட்டும், "ஆத்தா கோவமா இருக்கா" என்றாள்.

"கோவமும் இல்ல, குறியும் இல்ல. போயி ஜீப்பக் கூப்பிடுட்டி!" என்று நாத்தனார் அவளை விரட்டினார். என் குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "ஒன் நேர்ச்சய நாஞ் செலுத்துதேன். நீ போ தாயி."

ஈசிஜி எடுத்ததுமே மாரடைப்பு என்றார்கள். ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். மேடு ஏறும்போது வந்த மூச்சிரைப்பும், கை வலியும் இதயம் கொடுத்த எச்சரிக்கைதான் என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம். அன்று மாலையே மகளும் சுகமாகப் பெற்றெடுத்தாள் என்று சேதி வந்தது.

இந்த வருஷத் திருவிழாவில் மைக்கைப் பிடித்து இதையெல்லாம் நானே பேசினேன். முழுவதும் பேசினேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். மேடையை விட்டு இறங்கியதும் நாத்தனார் என் கையைப் பிடித்து, "எனக்கும் மேடு ஏறுனா அடைக்குது புள்ள, வெளிய சொல்லல" என்றார். மறுநாள் காலையில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார்.

நீங்களும் ஆத்தாவிடம் ஒரு குரல் கேளுங்கள். கேட்ட கையோடு பக்கத்தில் இருப்பவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் வாயையே திறந்தவள், உங்கள் வாயைத் திறக்க மாட்டாளா?