சவ்வரிசிக் களத்துப் பெட்டி

ஒரு வித்தைக்காரரைக் கூட்டத்தின் நடுவே தலைகுனிய வைத்தவன் நான்.

ராசிபுரத்தில் அவருடைய வீட்டை அவர் மகள் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார். அங்கே அவர் வித்தை காட்டிய கறுப்புப் பெட்டியிலிருந்து எழுந்த மண்ணெண்ணெய் வாசம், என் சிறுவயதில் அவர் கூடாரம் போட்ட எங்கள் ஊர்ச் சவ்வரிசி மில் களத்துக்கு, கிழங்கு மாவின் புளித்த வாடைக்கும், படபடக்கும் கூடாரத் துணிக்கும், பெட்ரோமாக்ஸ் இரைச்சலுக்கும், பெட்டிக்குள் இறங்கி மறையும் என் வயதுச் சிறுமிக்கும் என்னைக் கொண்டுபோனது. காசில்லாத பிள்ளைகள் ஒரு மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்தால் உள்ளே விடுவார் அவர்.

ஒருநாள் பலகை இடுக்கில் அவளுடைய சிவப்பு ரிப்பன் தெரிந்தது. “புள்ள அடியிலதான் இருக்குது!” என்று கத்தினேன். கூடாரமே சிரித்தது. மறுநாள் களத்தில் கூடாரம் இல்லை; அதன் முளைக்குழிகள்தான் இருந்தன.

அந்தச் சிறுமிதான் இந்த மகள்.

“கத்துனது நான்தானுங்க. மன்னிச்சிருங்க” என்றேன்.

“அப்பறம் அப்பா இந்தப் பெட்டியத் தொடவே இல்லீங்க. மன்னிப்ப அவருகிட்டக் கேட்டிருக்கோணும்” என்றவர், அங்கு நின்ற பள்ளிப் பிள்ளைகளிடம் திரும்பினார். “சாமிகளா, என்ற ரிப்பனப் பாத்துக் கத்துன பையன்னு இப்பச் சொன்னனே, இவருதான்.”

“ஏனுங்க தாத்தா கத்துனீங்க?” என்றாள் ஒருத்தி.

“எல்லாரும் என்னையப் பாக்கோணும்னுதான், சாமி.”

எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.